மடித்துவைத்த மூக்குக்கண்ணாடி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார். இதை முதலில் எழுதாவிட்டால் நீ அந்த ஒரு வரியைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவாய். கப்பலில் நான்கு நாளும் சாப்பிட்டது எதுவும் உள்ளே தங்கவில்லை என்று தூதுக்குழுவில் கூட வந்த வக்கீல் சொன்னார். ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதை இங்கே யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் அப்பா கேட்டுக்கொண்டாராம். நானும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்வது கணக்கில் வராது.

அவர் போட்டிருக்கிற அந்தக் கோட்டு யாருடையது? கை, மணிக்கட்டுக்கு வெகு மேலே நிற்கிறது.

அவரோடு நான் இன்னும் தனியாகப் பேசவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. நம் தீவின் மொழியும் இவர்கள் மொழியும் இரண்டும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இந்தத் தலைநகரில் நான் ஒருத்திதான். தூதுக்குழுவில் என் அப்பா இருப்பது தெரிந்ததும் என்னை விலக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு தரப்பும் கூடிப் பேசி, நிபந்தனையோடு விட்டுவைத்தார்கள். பேச்சுவார்த்தை முடியும்வரை நான் அவரோடு தனியாகப் பேசக் கூடாது. தீவுக்குத் தொலைபேசியில் பேசக் கூடாது. அறைக்குள் வாயால் சொல்லப்பட்டதை மட்டுமே மொழிபெயர்க்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நம் தரப்பில் அதற்கு உத்தரவாதம் சொன்னவர் அப்பாதானாம். “அவ என் பொண்ணுதான். ஆனா வார்த்தையில கை வைக்க மாட்டா” என்றாராம். அதைக் கேட்ட பிறகு அன்று முழுவதும் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

நேற்று தாழ்வாரத்தில் எதிரே வந்தார். சுற்றிலும் நாலைந்து பேர். என்னைப் பார்த்துக் கைகூப்பி, “கழிவறை எந்தப் பக்கம் போகணுங்க அம்மா?” என்று கேட்டார். நானும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, “இடது பக்கம் போங்க ஐயா” என்றேன். அவர் வலது பக்கம் திரும்பிப் போனார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அறையில் பேசியதை எழுத முடியாது. நீளமான மேசை, பச்சைத் துணி விரிப்பு. ஜன்னல்கள் உயரத்தில் இருப்பதால் வானம் மட்டுமே தெரியும். ஒரு பக்கம் நம்மை ஆள்கிறவர்கள் ஒன்பது பேர். மறுபக்கம் வக்கீலும், துறைமுகச் சங்கத்தின் சார்பில் அப்பாவும். நடுவில் வேறொரு நாட்டிலிருந்து வந்த தலைவர். பூனைபோல் மெதுவாகப் பேசுகிற கிழவர், கையில் ஒரு சின்ன மரச்சுத்தி. ஒவ்வொரு பிரிவாக வாசிப்பார். “மறுப்பு உண்டா?” என்பார். யாரும் பேசாவிட்டால் ஒரு தட்டு. அது முடிந்தது.

நான் அப்பாவின் வலது தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். துறைமுக இரைச்சல் அவர் இடது காதைத் தின்றுவிட்டது என்று இவர்களிடம் நான்தான் சொன்னேன். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்தபோதுகூட இவ்வளவு நேரம் அவர் காதருகே இருந்ததில்லை.

உன் சின்னவளுக்கு என் முத்தம்.

உன் தங்கை

*

பிப்ரவரி 12

வாயாடிக்கு,

கோட்டு உன் அத்தானுடையது. கல்யாணத்துக்குத் தைத்தது. அவர் கை குட்டை என்று இன்றைக்குத்தான் கண்டுபிடித்தாயா? அதற்குள் அவர், “என் கோட்டாவது வெளிநாடு பார்க்கட்டும்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். துறைமுகத்தில் இந்த மாதமும் அவருக்குப் பாதி நாள்தான் வேலை. மீதி நாள் வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

ஊர் கொதித்துக்கொண்டிருக்கிறது. சுவர் விடாமல் “வாக்கு கொடு” என்று தாரால் எழுதியிருக்கிறார்கள். நம் தலைவிதியை நாமே வாக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நான் வேலை செய்கிற இடம் உனக்குத் தெரியும். குழந்தைகள் வார்டில் கூரை ஒழுகுகிற இடங்களில் வாளி வைத்துவைத்து, இப்போது நோயாளிகளைவிட வாளிகள் அதிகம். குறைப்பிரசவக் குழந்தைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. போன வாரம் அதில் இரண்டு பேரைச் சேர்த்துப் படுக்கவைத்தேன். ஜெனரேட்டர் நின்றது. காலையில் ஒன்றை மட்டும் தாயிடம் கொடுத்தேன். எதை எழுதினாலும் அந்த இடத்தில்தான் போய் நிற்கிறேன், மன்னித்துக்கொள்.

அந்த மேசையில் புது ஆஸ்பத்திரிக்கு உதவி பேசுகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். மற்றது எது நடந்தாலும் நடக்கட்டும், அது மட்டும் கிடைத்துவிட்டால் போதும் என்று நான் சொன்னால் என்னைத் திட்டுவாயா?

நீ அப்பாவின் காதருகே உட்கார்ந்திருப்பதை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். “பழைய உத்தியோகம்தானே” என்றார். உண்மைதான். யாராவது ஏதாவது கேட்டு வருவார்கள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றுவார், மடிப்பார், சட்டைப்பையில் வைப்பார், சும்மா உட்கார்ந்திருப்பார். வந்தவர், மௌனம் சம்மதம் என்று சந்தோஷப்பட்டு எழுந்திருப்பார். நீ ஓடிப்போய் வாசற்படியில் நின்று, “அப்பா வேண்டாங்கறார்” என்பாய். ‘முடியாது’ என்று அந்த மனிதர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. துறைமுகத்திலும் அப்படித்தானே? கண்ணாடியை மடித்துக்கொண்டு கிரேனைவிட்டு இறங்கிவிடுவார். அதோடு மொத்தத் துறைமுகமும் நிற்கும்.

தன் பையனுக்கு என்னைக் கேட்டு வந்தாரே ஒரு கடைக்காரர், நினைவிருக்கிறதா? “அப்பா வேண்டாங்கறார், உங்க பையன் மீசை சரியில்லையாம்” என்று நீ சொன்னாய். மீசை நீயாகச் சேர்த்தது. அவர் போனபிறகு அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இப்போது கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதா? பாவம் நீ.

சூடாகச் சாப்பிடு. தலையை ஈரத்தோடு கட்டாதே.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் அந்தக் காலை வேளை வருகிற வரியை நான் இரண்டாவது முறை படிக்கவில்லை. ஆனால் அது மனப்பாடமாகிவிட்டது. திட்ட மாட்டேன். எந்த முகத்தோடு திட்டுவேன்? இங்கே என் அறையில் சுவர்க் குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது.

நாள் முழுவதும் பேசுகிறேன். அதில் ஒரு வார்த்தையும் என்னுடையது இல்லை. மாலையில் அறைக்குத் திரும்பி, வீட்டுக்காரியின் பூனையிடம் “நகரு” என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருக்கிறது. படுக்கையருகே ஏழெட்டுப் புத்தகங்கள் பாதியில் கிடக்கின்றன. அடுத்தவர் வாக்கியங்களைக் கண்ணால் பார்த்தால் உடனே மறு மொழியில் மாற்றத் தொடங்கிவிடுகிறேன். வாசிப்பு என்பது போய் அதுவும் வேலையாகிவிட்டது.

இன்று இடைவேளையில் இவர்கள் தரப்புச் செயலர் என் அருகே வந்து நின்றார். நல்ல மனிதர், கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறவர். “உங்கள் ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரியும் கேட்கிறார்கள், வீட்டுச் சாவியும் கேட்கிறார்கள். இரண்டில் ஒன்றைக் கேட்டால் பேச எனக்கு வசதியாக இருக்கும்” என்றார். இது அறைக்கு வெளியே சொன்னது, ஆகவே எழுதலாம். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது என் சொந்த வார்த்தையாக இருந்திருக்கும். அதற்கு எனக்கு இங்கே சம்பளம் இல்லை.

ஒரு ரகசியம். மதிய உணவுக்குப் பிறகு அப்பா தாழ்வாரத்து ஜன்னலருகே நின்று ஆரஞ்சு உரிக்கிறார். பாதியைச் சாப்பிடுகிறார். மீதிப் பாதியைத் தோலின் மேல் வைத்து, ஜன்னல் கட்டையில் மறந்துவிட்டுப் போகிறார். தினமும் மறக்கிறார். நானும் அந்த வழியாகத் தினமும் போகிறேன். பேசக் கூடாது என்றுதான் நிபந்தனை. ஆரஞ்சைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவருடைய கண்ணாடியில் இடது பக்கக் கீல் ஆடுகிறது. நூல் சுற்றி வைத்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த நூல்தான் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது.

உன் தங்கை

*

மார்ச் 3

வாயாடிக்கு,

நேற்று மாலை ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததாம். புது ஆஸ்பத்திரி, துறைமுகத்துக்குப் புதுத் தளம், பத்து வருஷத்துக்கு உதவி. பிறகு அதே குரலில், இடைவெளிகூட விடாமல், தீவின் எதிர்காலம் பற்றி இருபத்தைந்து வருஷத்துக்கு வாக்கெடுப்புக் கிடையாது என்றார்கள். “இந்தப் பிரிவுக்கு எந்தத் தரப்பும் மறுப்புத் தெரிவிக்கவில்லை” என்றார்கள்.

டீக்கடையில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஆஸ்பத்திரி என்றதும் நான் சந்தோஷப்பட்டேன், அடுத்த வரி வரும்வரை. அந்தச் சந்தோஷத்தைப் பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள்.

அப்பா எப்படிச் சம்மதித்தார்? எதிர்காலம் பற்றிய பிரிவுக்குப் பதில் சொல்வது அவர் பொறுப்பு, உதவி பற்றியது தன் பொறுப்பு என்று போகும்போதே வக்கீல் எல்லார் முன்னிலையிலும் பிரித்துக்கொண்டாரே. அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இனி பேசியதை எழுதலாம் அல்லவா? எழுது.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதலாம். பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது, என் வாய்க்கட்டும் அவிழ்ந்துவிட்டது. அப்பா அடுத்த கப்பலில் வருகிறார்.

அன்று காலை உதவி பற்றிய பிரிவுகள் வேகமாகப் போயின. வக்கீல் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். அப்புறம் பதினேழாம் பிரிவு. தலைவர் வாசிக்க வாசிக்க நான் அப்பாவின் காதில் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் என்றபோது அவர் கழுத்து நரம்பு அசைந்தது. நான் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். நூல் சுற்றிய பக்கத்தை மெதுவாக மடித்தார், மறுபக்கத்தை மடித்தார், அத்தானின் கோட்டுப் பையில் வைத்தார். நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மறுப்பு உண்டா?” என்றார் தலைவர். அதையும் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், அக்கா. காதில்தான் சொன்னேன், கேட்டிருக்கும். வக்கீல் காகிதத்தில் ஏதோ தேடினார். தலைவர் அவசரப்படவில்லை, நன்றாகவே காத்திருந்தார். அப்பா தலையைக் கொஞ்சமாக என் பக்கம் திருப்பினார், கன்னம் தெரிகிற அளவுக்கு. சுத்தி விழுந்தது.

அவர் வாயைத் திறக்கவில்லை. வாயால் சொல்லாததை மொழிபெயர்க்கக் கூடாது என்பது அந்த அறையில் எனக்கு இருந்த ஒரே விதி. அது என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் நான் எழுந்து, “கண்ணாடியை மடித்தால் வேண்டாம் என்று பொருள்” என்று சொல்லியிருந்தால் அது கூட்டல். அவர் உத்தரவாதம் கொடுத்தது நான் கூட்ட மாட்டேன் என்றுதான். அந்த நேரத்தில் இவ்வளவும் யோசித்தேன் என்று நினைக்காதே. யோசிக்கவே இல்லை. சும்மா இருந்தேன்.

மாலையில் நிபந்தனை முடிந்துவிட்டது. தாழ்வாரத்தில் அந்த ஜன்னலருகே போனேன். அப்பா என்று கூப்பிட்டேன். அவர் முகம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வேலை முடிந்த முகம். என்னைப் பார்த்துக் கேட்டார்:

“சொல்லிட்டியாம்மா?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, “நீங்க எதுவும் சொல்லலியேப்பா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசற்படியில் நின்று ஊருக்கு அவர் மனதைச் சொன்ன சின்னப் பெண்ணைத் தேடினாரோ என்னவோ. வார்த்தையில் கை வைக்க மாட்டாள் என்று சொன்னபோது, மடித்த கண்ணாடியைச் சொல்வதும் கூட்டல் ஆகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது நமக்குள் எப்போதும் பேச்சுதானே.

பிறகு கைகூப்பி, “சரிங்க அம்மா” என்றார். முதல் நாள் வேடிக்கைக்குக் கூப்பிட்ட அதே மாதிரி. இந்தமுறை பக்கத்தில் யாரும் இல்லை.

ஆனால் வழி இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். நடவடிக்கைக் குறிப்பு இந்த மாதக் கடைசியில்தான் உறுதியாகும். அதற்குள் மேசையில் உட்கார்ந்த ஒருவர், “பதினேழாம் பிரிவுக்கு நான் சம்மதிக்கவில்லை” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால், தலைவர் பிரிவை மறுபடி திறந்தே ஆக வேண்டும். அன்று அவர் செய்தது மறுப்புத்தான் என்று நான் எழுந்து சாட்சி சொல்வேன். என் வேலை போகும், போகட்டும். என் வார்த்தை மட்டும் போதாது. அவர் வரி வேண்டும். அப்பாவுக்கு எழுதவராது. நீதான் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். வக்கீலிடம் கேட்காதே. பிரிவை மறுபடி திறப்பதில் அவருக்கு விருப்பம் இருக்காது.

இதற்கு மேல் உன்னிடம் என்றைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்.

உன் தங்கை

*

மார்ச் 21

தங்கைக்கு,

அந்த வரி வராது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்துக்கு ஓடாமல்.

அப்பா வந்து இறங்கியபோது துறையில் கூட்டம் இருந்தது. எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வக்கீல் அவருக்கு முன்பே இறங்கி, கேட்டவர்களிடமெல்லாம் ஒரு கதையைச் சொல்லிவைத்திருக்கிறார். கிரேன்காரர் மறுத்துத்தான் பேசினார், மொழிபெயர்த்தவள் அதை மாற்றிச் சொல்லிவிட்டாள், அவர்கள் சம்பளம் வாங்குகிறவள்தானே என்று. சாயங்காலத்துக்குள் அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. அது அவ்வளவு வசதியான பேச்சு. அப்பா மேல் கோபப்பட யாருக்கும் விருப்பம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் கூட்டம். நிற்க இடம் இல்லை. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வாசற்கதவருகே நின்றேன், வீட்டில் நீ நிற்பாயே, அது மாதிரி. துறைமுக மேஸ்திரி எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்: “அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க பொண்ணு உங்க வார்த்தையை மாத்தித்தானே சொன்னா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். பையில் வைத்தார்.

பிறகு யாரோ, “பாரு, இல்லைன்னு சொல்ல வாய் வரல பாவம்” என்றார். இன்னொருவர், “பெத்த மனசு, எப்படிச் சொல்லும்?” என்றார். பெஞ்சுகள் இழுபட்டன, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், உன்னைப் பற்றி என்னென்னவோ. எழுத மாட்டேன்.

‘இல்லை, என் பெண் அப்படிச் செய்யவில்லை’ என்று அவர் சொன்னது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது.

நான் சொல்லவில்லை.

நீ யோசிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நான் நன்றாக யோசித்தேன். நீ மாற்றவில்லை என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி, ‘அப்படியானால் அவர் ஏன் மறுக்கவில்லை?’ என்பதுதான். அந்தக் கேள்வி அப்பா மேல் விழும். அவர் மேல் விழுந்தால், பிரிவைத் திற என்பார்கள். திறந்தால் மொத்தமும் கலையும். ஆஸ்பத்திரிக்கு இடம் அளக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். பின்பக்கத் திடலில் முளை அடித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிறது. வேலை முடிந்த பிறகு நான் போய் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். யார் மேலாவது பழி விழத்தான் போகிறது, நீ தூரத்தில் இருக்கிறாய். உன் மேல் கல் வந்து விழாது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் இருட்டில் கண் தெரிவதில்லை. கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டார்:

“சொல்லிட்டியாம்மா?”

“சொல்லிட்டேன்ப்பா” என்றேன்.

நம்பிவிட்டார். அன்றுமுதல் நன்றாகத் தூங்குகிறார். வழியில் பார்க்கிறவர்கள் அவரிடம் இரக்கமாகப் பேசுகிறார்கள்; நீ குற்றமற்றவள் என்று ஊர் ஒப்புக்கொண்டதால்தான் இப்படி என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டால் உடனே கையெழுத்துப் போடுவார். அதனால்தான் கேட்கவில்லை.

நீ ஆஸ்பத்திரி பார்த்ததில்லை என்று நான் சொல்லவில்லை. நான் பார்ப்பதை நீ பார்த்ததில்லை.

அக்கா

*

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இது உன் கைக்கு வரும்போது தேதி முடிந்திருக்கும். ஆகவே உன்னை மாற்ற முயல்கிறேன் என்று பயப்படாமல் படி.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் கோபப்படப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது; நிற்கவில்லை. நீ வாசற்கதவருகே நின்றதும் நான் முக்காலியில் உட்கார்ந்ததும் மாறி மாறிக் கண்ணில் வருகின்றன. எனக்கு ஒரு விதி இருந்தது. உனக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. நியாயம் கேட்டால் உன் பக்கம்தான் கூடுதலாக நிற்கும். அதை ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மட்டும் ஆறவில்லை. என்னை ஊர் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். எனக்காக அவர் சொன்ன ஒரு வார்த்தை அந்தக் கூடத்தில் யாருக்கும் கேட்காமல் போய்விட்டது. அதைச் சொல்லிவிட்டதாக அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அவர் தூக்கத்தைக் கலைக்காதே. அதை நானும் கலைக்க மாட்டேன்.

வேலையை விட்டுவிட்டேன். விடச் சொல்லவில்லை, செயலர் வருத்தப்பட்டார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். இன்னொருவர் காதருகே உட்கார இனி என்னால் முடியாது. அறை வாடகை அடுத்த மாதம்வரை கொடுத்திருக்கிறேன்.

நான் வந்து அப்பாவைப் பார்க்கட்டுமா? ஊருக்குள் வராமல், கப்பல் நிற்கிற அரை நாளில் துறையிலேயே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். யார் என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன். அவர்கள் நினைப்பதை நினைத்துக்கொள்ளட்டும். வாரம் ஒரு கப்பல் இருக்கிறது. ‘வா’ என்று ஒரே ஒரு எழுத்துப் போட்டால் போதும், அடுத்த கப்பலில் ஏறிவிடுவேன்.

சின்னவள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிப்பாள் அல்லவா? அந்த எழுத்தை அவளையே எழுதச் சொல்.

உன் தங்கை

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கப்பல்கள் வந்துபோயின. மூன்றுக்கும் தபால் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற பெண் இப்போது என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

குறிப்பு உறுதியாகி, கட்டிய புத்தகமாக வந்துவிட்டது. பதினேழாம் பிரிவின் கீழே ஒரே வரி: மறுப்பு இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி தெரிவித்திருக்கிறார்கள்.

இந்த ஊர் நடைமுறைப்படி, கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் அது சம்மதம். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் இந்நேரம் கப்பல் ஏறியிருக்க வேண்டும். ஆனால் நான் நம் வீட்டில் வளர்ந்தவள், அக்கா. யாரும் வாசலுக்கு ஓடிவந்து சொல்ல வேண்டியதில்லை.

இனி எழுதி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். புது ஆஸ்பத்திரிக்குக் கூரை போடுகிற அன்று மட்டும் நான் சந்தோஷப்பட்டதாக நினைத்துக்கொள். அது பொய்யாக இருக்காது.

ஒரே ஒரு வேலை. அப்பாவின் கண்ணாடியில் அந்த இடது பக்கக் கீல். நூல் அதிக நாள் தாங்காது. கடையில் கொடுத்து ஒரு திருகு போட்டு இறுக்கி வாங்கு. மடிக்க முடியாமல் போய்விட்டால் அவருக்கு வேறு வாய் கிடையாது.

தங்கை